பொருளாதாரத் தடைகள்: காரைக்குடி வட்டார வணிகர்களும் குடும்பங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செட்டிநாட்டிலிருந்து வெளிநாடு போவது முறுக்கு, சீப்புச் சீடை, மசாலாப் பொடி, கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல், பழைய மரச் சாமான். உள்ளே வருவதில் பர்மா உளுந்தும் தேக்கும் முக்கியம். இவற்றில் பெரும்பாலானவற்றின் மீது யாரும் தடை போடவில்லை. ஆனாலும் பணம் நடுவழியில் நிற்கிறது, கப்பல் ஏஜெண்ட் சரக்கை ஏற்ற மறுக்கிறார், இன்சூரன்ஸ் கைவிரிக்கிறது. யார் நிறுத்துகிறார், எந்தச் சட்டத்தின் பேரில் நிறுத்துகிறார் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். யாரிடம் போய்ப் பேசுவது என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

எந்தத் தடை இந்தியாவில் சட்டம்? எது சட்டமில்லை?

ஐநா பாதுகாப்பு அவை போடும் தடை இங்கே சட்டம். ஐக்கிய நாடுகள் (பாதுகாப்பு அவை) சட்டம், 1947-இன் 2ஆம் பிரிவின்படி மத்திய அரசு அரசிதழில் ஆணை வெளியிட்டு அதை அமல்படுத்துகிறது. வடகொரியா, ஈரான் பற்றிய கட்டுப்பாடுகள் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையிலும் எழுதப்பட்டிருக்கின்றன. ஐநா பட்டியலில் இருக்கும் பயங்கரவாதிகளின் கணக்கை வங்கி முடக்குவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவின் கீழ்.

அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் தனித்தனியாகப் போடும் தடைகள் இந்தியச் சட்டம் ஆகாது. ஐநா தடையை மட்டுமே ஏற்போம் என்பது டெல்லியின் நெடுநாள் நிலை.

இந்தியாவே போடும் தடையும் உண்டு, அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இனவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை 1946-லேயே நிறுத்திய நாடு இது. அண்மைய உதாரணம் பாகிஸ்தான். 2025 மே 2 முதல் அங்கே விளைந்த, அங்கிருந்து வரும் எந்தப் பொருளையும் நேராகவோ வேறு நாடு வழியாகவோ இறக்குமதி செய்யக் கூடாது. துபாய் வழியாக வரும் பேரீச்சை, இந்துப்பு எல்லாம் இதில் மாட்டும். மளிகை மொத்த வியாபாரிகள் இறக்குமதி செய்பவரிடம் பிறப்பிடச் சான்றிதழ் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அமெரிக்கத் தடையை நான் கண்டுகொள்ளாமல் இருக்கலாமா?

சட்டப்படி இருக்கலாம். நடைமுறையில் முடியாது. காரணம் மூன்று.

முதலாவது, டாலர். காரைக்குடி வங்கிக் கிளைக்கு வரும் ஒவ்வொரு டாலரும் நியூயார்க்கில் உள்ள ஏதோ ஒரு தொடர்பு வங்கியின் கணக்கைத் தொட்டுத்தான் வருகிறது. அந்த வங்கி அமெரிக்கக் கருவூலத் துறையில் தடைகளை நிர்வகிக்கும் ஓஃபேக் அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டது. தடைபட்ட நாடுகளின் பணத்தை மறைத்துக் கைமாற்றியதற்காக பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி 2014-இல் கிட்டத்தட்ட 900 கோடி டாலர் தண்டம் கட்டியது. அதிலிருந்து எந்த வங்கியும் சந்தேகத்தின் பலனை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை.

இரண்டாவது, இரண்டாம் நிலைத் தடை. அமெரிக்காவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் தடைபட்டவரோடு பெரிய அளவில் வணிகம் செய்தால், அவரையே அமெரிக்கா தன் தடைப் பட்டியலில் சேர்த்துவிடலாம். 2023 டிசம்பரில் வந்த ஆணை, ரஷ்யாவின் ராணுவத் தளவாடத் தொழிலுக்கு உதவும் வெளிநாட்டு வங்கிகளைக் குறிவைத்தது. நம் வங்கிகள் ரஷ்யாவின் பெயரைக் கேட்டாலே கூடுதல் காகிதம் கேட்பது அதனால்தான்.

மூன்றாவது, நாம் அன்றாடம் பயன்படுத்தும் சேவைகள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலை 18 அன்று குஜராத்தின் வாடினாரில் உள்ள நயாரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் அதில் ஏறத்தாழ பாதிப் பங்குதாரர். ஐரோப்பியச் சட்டம் வாடினாரில் செல்லாது. ஆனால் சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவையை நிறுத்தியது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

அனுப்பிய பணம் வரவில்லை, "கம்ப்ளையன்ஸில் நிற்கிறது" என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் பணம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிலைகள் மூன்று, மூன்றும் வேறு வேறு.

விசாரணையில் நிற்பது: பெயர் ஒற்றுமையால் கணினி நிறுத்தியிருக்கும். பெரும்பாலானவை இவ்வகைதான். முகமது இப்ராஹிம், அப்துல் ரகுமான் போன்ற பெயருள்ளவர்களுக்கு அடிக்கடி நேரும்.

திருப்பி அனுப்பப்பட்டது: தடைக்கு உட்பட்ட பரிவர்த்தனை, ஆனால் பட்டியலில் உள்ளவரின் சொத்து அதில் இல்லை. பணம் கட்டணம் கழிந்து அனுப்பியவருக்கே போகும்.

முடக்கப்பட்டது: பட்டியலில் உள்ளவருக்கு அதில் பங்கு இருக்கிறது. அமெரிக்க வங்கி அதை வட்டி தரும் தனிக் கணக்கில் போட்டு, 10 வேலை நாளுக்குள் ஓஃபேக்குக்கு அறிக்கை கொடுக்கும். இதைத் திருப்பித் தர வங்கி மேலாளரால் முடியாது. ஓஃபேக்கிடம் உரிமம் கேட்டு விண்ணப்பிப்பது ஒன்றே வழி. மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் இழுக்கும்.

எது என்று தெரிய, பணம் அனுப்பியவரிடம் ஸ்விஃப்ட் (வங்கிகள் ஒன்றுக்கொன்று பணச் செய்தி அனுப்பும் வலையமைப்பு) செய்தியின் நகலைக் கேளுங்கள். அதில் 36 எழுத்துகள் கொண்ட யூஇடிஆர் எண் இருக்கும். அந்த எண்ணை உங்கள் வங்கியில் கொடுத்தால் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியும். எண் இல்லாமல் "சிங்கப்பூரிலிருந்து அனுப்பிட்டாங்க" என்று போய் நின்றால் கிளையில் யாராலும் தேட முடியாது.

பெயர்ச் சிக்கல் என்றால் பிறந்த தேதி, பிறந்த ஊர், பாஸ்போர்ட் நகல், பணம் எதற்கு என்ற ஒரு வரி விளக்கம், இன்வாய்ஸ் ஆகிய அனைத்தையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

புது வாங்குபவர் வந்தால் எப்படிச் சோதிப்பது?

அட்வான்ஸ் வாங்கும் முன், இன்வாய்ஸ் போடும் முன். சரக்கு தூத்துக்குடி போன பிறகு சோதித்துப் பயனில்லை.

ஓஃபேக், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஐநா ஆகிய நான்கு பட்டியல்களும் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. நிறுவனத்தின் பெயர், உரிமையாளர்கள், இயக்குநர்கள், அவருடைய வங்கி, சரக்கைப் பெறுபவர், கப்பல் என்று ஒவ்வொன்றையும் தேடுங்கள். கப்பலைப் பெயரால் தேடாதீர்கள். தடைபட்ட கப்பல்கள் பெயரையும் கொடியையும் மாற்றிக்கொண்டே இருக்கும். கப்பலுக்குக் கொடுக்கப்பட்ட 7 இலக்க ஐஎம்ஓ எண் மாறாது.

உரிமையாளர் பங்கில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பட்டியலில் உள்ள ஒருவரோ பலரோ சேர்ந்து 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் தடைபட்டதே என்பது ஓஃபேக் விதி. இருவர் 25, 25 வைத்திருந்தாலும் கூட்டினால் 50. ஆகவே வாங்குபவரிடம் பங்குதாரர் பட்டியல் கேளுங்கள். நேர்மையான வியாபாரி ஒரே நாளில் அனுப்பிவிடுவார்.

தேடிய பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆக்கி அந்தச் சரக்கின் கோப்பில் வையுங்கள். நாளை வங்கி கேட்கும்போது அதுதான் பேசும்.

ரஷ்யாவுக்கோ ஈரானுக்கோ முறுக்கு, மசாலா, சேலை அனுப்பலாமா?

இந்தியச் சட்டத்தில் தடையில்லை. உணவு, மருந்து இரண்டுக்கும் அமெரிக்கத் தடைகளிலேயே விலக்கு உண்டு. சேலைக்கு அந்த விலக்கு கிடையாது, ஆனால் அது ராணுவப் பொருளும் அல்ல. எனவே சிக்கல் பொருளில் இல்லை, பணத்தில்.

ஈரான் கடினம். அதன் வங்கிகள் 2012-இல் ஒருமுறை, 2018-இல் மறுபடியும் ஸ்விஃப்டிலிருந்து துண்டிக்கப்பட்டன. 2012-இலிருந்து இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயின் விலையில் ஒரு பகுதி யூகோ வங்கியில் ரூபாயாகப் போடப்பட்டது. அந்த ரூபாயைக் கொண்டு ஈரான் நம்மிடம் அரிசியும் தேயிலையும் வாங்கியது. 2019 மே மாதம் எண்ணெய் இறக்குமதி நின்றதும் அந்தத் தொட்டியில் நீர் வரத்து நின்றது. ஏற்றுமதியாளர்களின் பாக்கி இழுபறியானது அதனால்தான். 2025 செப்டம்பர் கடைசியில் ஐநா தடைகளும் ஈரான் மீது திரும்பிவிட்டன (ரஷ்யாவும் சீனாவும் ஒப்புக்கொள்ளவில்லை). சிறு வியாபாரிக்கு எங்கள் யோசனை: முழுப் பணமும் முன்கூட்டி உங்கள் கணக்கில் ஏறினால் மட்டும் அனுப்புங்கள்.

ரஷ்யா அவ்வளவு மோசமில்லை. 2022 மார்ச்சில் 7 ரஷ்ய வங்கிகள் ஸ்விஃப்டிலிருந்து நீக்கப்பட்டன, பிறகு மேலும் சில. ரூபாய் வழி திறந்திருக்கிறது.

ரூபாயில் வாங்குவது எப்படி?

ரிசர்வ் வங்கி 2022 ஜூலை 11 சுற்றறிக்கையின்படி, வெளிநாட்டு வங்கி ஒன்று இந்திய வங்கியில் சிறப்பு ரூபாய் வாஸ்ட்ரோ கணக்கு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இன்வாய்ஸை ரூபாயில் போடுகிறீர்கள். வாங்குபவர் தன் வங்கியில் ரூபிள் கட்டுகிறார். அந்த வங்கியின் வாஸ்ட்ரோ கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு ரூபாய் வருகிறது. டாலரும் நியூயார்க்கும் நடுவில் வருவதில்லை.

செய்ய வேண்டியது: வாங்குபவரின் வங்கி எந்த இந்திய வங்கியில் கணக்கு வைத்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஷிப்பிங் பில்லிலும் நாணயம் ரூபாய் என்றே இருக்கட்டும். இன்வாய்ஸ் டாலரிலும் வரவு ரூபாயிலும் இருந்தால் வங்கிக் கணக்கில் பில் முடியாமல் பாக்கியாகத் தொங்கும். ஏற்றுமதிப் பணம் வந்து சேர 9 மாதமாக இருந்த கெடு 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டப்பட்டது. கெடு தாண்டினால் உங்கள் பெயரில் பாக்கி காட்டும், அடுத்த கடனுக்கு வங்கி யோசிக்கும்.

இந்த முறையின் பலவீனமும் தெரிந்திருக்கட்டும். எண்ணெய் வாங்கி நாம் கொடுக்கும் அளவுக்கு ரஷ்யா நம்மிடம் பொருள் வாங்குவதில்லை. 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் கோடிக்கணக்கில் ரூபாய் குவிந்து செலவழிக்க வழியில்லாமல் கிடப்பதாகச் சொன்னார். அவர்களுக்கு அது தலைவலி. நமக்கோ, அங்கே ரூபாய் நிறைய இருக்கிறது, கேட்டு வாங்கலாம் என்று பொருள்.

பர்மா உளுந்து வரவழைக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

உளுந்து மீது எந்தத் தடையும் இல்லை. 2021-இல் செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க இந்தியா ஐந்தாண்டுகளுக்கு ஒப்புக்கொண்டது. பார்க்க வேண்டியது விற்பவரின் வங்கியை. மியான்மா வெளிநாட்டு வர்த்தக வங்கி, மியான்மா முதலீட்டு வணிக வங்கி என்ற இரண்டு அரசு வங்கிகளும் 2023 ஜூனில் அமெரிக்கப் பட்டியலில் ஏறின. அவை வழியாக டாலர் அனுப்பினால் முடங்கும். அதோடு 2022 அக்டோபரில் கள்ளப்பணத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்ஏடிஎஃப் மியான்மரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே எந்த வங்கி வழியாகப் போனாலும் கூடுதல் கேள்வி வரும்.

2024 ஜனவரியிலிருந்து பஞ்சாப் நேஷனல் வங்கியின் வாஸ்ட்ரோ கணக்கு வழியாக ரூபாய்-கியாத் (மியான்மர் நாணயம்) தீர்வு நடக்கிறது. பருப்பு வணிகத்துக்கு இதுவே நல்ல வழி. சிங்கப்பூர் தரகர் வழியாக டாலரில் கொடுப்பவர்கள், உண்மையில் விற்பவர் யார், பணம் கடைசியில் எந்த வங்கிக்குப் போகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு இடித்த பர்மாத் தேக்குத் தூண், கதவு ஐரோப்பாவுக்கு விற்கலாமா?

இது காரைக்குடியிலிருந்து வரும் கேள்விகளில் மிகச் சிக்கலானது. மூன்று சட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன.

முதலில் தடை. மியான்மரிலிருந்து மரம் ஏற்றுமதி செய்வது அரசின் மியான்மா டிம்பர் எண்டர்பிரைஸ். 2021-இல் அமெரிக்கா ஏப்ரலிலும் ஐரோப்பிய ஒன்றியம் ஜூனிலும் அதைப் பட்டியலில் சேர்த்தன. அதனால் இன்று இறங்கும் பர்மாத் தேக்கில் செய்த புது மேசையை அங்கே விற்க முடியாது. நூறாண்டுக்கு முன் இரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தூணுக்கும் அந்த நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை, ஆகவே தடை அதைத் தொடாது. ஆனால் பழசு என்று நிரூபிப்பது உங்கள் வேலை.

இரண்டாவது ஐரோப்பாவின் மர விதி. பயன்படுத்தி முடிந்து, கழிவாகப் போக வேண்டிய மரத்தில் செய்த பொருளுக்கு அதில் விலக்கு உண்டு. அதற்கான ஆதாரங்கள்: இடிப்பதற்கு முன் வீட்டில் நிற்கும்போதே எடுத்த படம், சொத்து வரி ரசீது, இடிப்பு அனுமதி, வீட்டுக்காரர் கொடுத்த விற்பனை ரசீது, பழைய துளையும் ஆணி வடுவும் தெரியும் நெருக்கப் படம். இழைத்துப் பாலிஷ் போட்ட பிறகு படம் எடுத்தால் அந்த வடு எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது, பலரையும் உண்மையில் நிறுத்த வேண்டியது, நம் நாட்டுச் சட்டம். தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972-இன்படி கட்டடத்திலிருந்து பெயர்த்த, நூறு ஆண்டுக்குக் குறையாத எந்தப் பொருளும் தொல்பொருள். அதைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. 1905-இல் கட்டிய வீட்டின் தூண் போகாது. 1938-இல் கட்டியது போகலாம், ஆனால் இந்தியத் தொல்லியல் துறையின் நிபுணர் குழுவிடம் காட்டித் "தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். ரோஸ்வுட் என்றால் சைட்டிஸ் (அரிய உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி தனி. தேக்கு அந்தப் பட்டியலில் இல்லை.

ஐரோப்பாவில் நல்ல விலை என்று கேட்டவுடன் கன்டெய்னரை புக் செய்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பர்மாவில் அரசு எடுத்துக்கொண்ட எங்கள் பாட்டையா சொத்து, தடை நீங்கினால் திரும்புமா?

திரும்பாது. இரண்டும் வேறு. 1930-களின் இறுதியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு வந்த நிலச் சட்டங்களும், 1963-இல் வங்கிகளை அரசுடைமை ஆக்கியதும் சொத்துரிமையையே மாற்றிவிட்டன. தடை உரிமையை மாற்றாது. முடக்கிய சொத்து பட்டியலில் உள்ளவருடையதாகவே இருக்கும், அவரால் தொட முடியாது, அவ்வளவுதான். இதைச் சொல்லி "மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் போட்ட பிறகு தடை வந்தால் நஷ்டம் யாருக்கு?

எழுதியிருப்பதைப் பொறுத்தது. எதுவும் எழுதாவிட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 56ஆம் பிரிவு: செய்வது சட்டவிரோதமாகவோ இயலாததாகவோ ஆனால் ஒப்பந்தம் செல்லாது. அமெரிக்கத் தடையால் இங்கே எதுவும் சட்டவிரோதம் ஆவதில்லை. லாபம் குறைந்தது, பணம் வரச் சுற்று வழி தேவைப்படுகிறது என்பதெல்லாம் "இயலாமை" ஆகாது. எனவே தனியாக ஒரு தடைப் பிரிவு எழுத வேண்டும். எந்த நாட்டுத் தடை, எத்தனை நாள் காத்திருப்பது, முன்பணம் யாருக்கு, துறைமுகத்தில் தேங்கினால் டெமரேஜ் யார் கட்டுவது என்ற நான்கும் அதில் வர வேண்டும்.

எல்சி (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். இன்று பல எல்சிகளில் "தடை விதிகளுக்கு உட்பட்டே பணம் தருவோம்" என்ற வரி இருக்கிறது. அந்த வரி பொதுவாக எழுதப்பட்டிருந்தால் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். கடல் இன்சூரன்ஸ் பாலிசியில் ஜேசி2010/014 என்ற எண்ணோடு ஒரு பிரிவு இருக்கும். தடையை மீறும்படி ஆகுமென்றால் காப்பீட்டாளர் இழப்பீடு தர மாட்டார் என்பது அதன் பொருள். சரக்கு கடலில் இருக்கும்போது கப்பலோ வாங்குபவரோ பட்டியலில் ஏறினாலும் அது பொருந்தும்.

துபாய் நண்பர் வழியாக அனுப்பினால் என்ன?

துபாயில் விற்று அங்கே விற்பனை முடிந்தால் தவறில்லை. கடைசி இடம் வேறென்று தெரிந்தே காகிதத்தில் துபாய் என்று எழுதினால் அது கஸ்டம்ஸ் சட்டத்திலும் பொய், அமெரிக்கச் சட்டத்தில் ஏய்ப்பு. ஐரோப்பிய இயந்திர உதிரிப்பாகம் வாங்கி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட வகைப் பொருள்களை "ரஷ்யாவுக்கு மறுஏற்றுமதி செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்காமல் 2024 மார்ச் முதல் ஐரோப்பிய நிறுவனங்கள் வெளியே விற்கக் கூடாது.

சிவகங்கை கிராஃபைட்?

சாதாரணச் செதில் கிராஃபைட்டுக்குச் சிக்கலில்லை. அணு உலைத் தரம் (போரான் சமானம் 5 பிபிஎம்-ஐவிடத் தூய்மை, அடர்த்தி கன செ.மீ-க்கு 1.5 கிராமுக்கு மேல்) என்றால் ஸ்கோமெட் (ராணுவ, அணுப் பயன்பாடு உள்ள பொருள்களுக்கான ஏற்றுமதிக் கட்டுப்பாடு) பட்டியல், அனுமதி இல்லாமல் நகர்த்தக் கூடாது. ஆய்வறிக்கையை ஷிப்பிங் பில்லோடு சேர்த்துக் கொடுத்தால் கஸ்டம்ஸில் கேள்வி குறையும்.

மகன் ரஷ்யாவில் எம்பிபிஎஸ் படிக்கிறான். கட்டணம் எப்படி அனுப்புவது?

2022 மார்ச்சிலிருந்து இந்தியாவில் கொடுத்த விசா, மாஸ்டர் கார்டு அங்கே வேலை செய்யாது. கல்லூரியின் வங்கி எது என்று கேட்டு, அது தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரூபாய் வழியில் அனுப்பும் வங்கியைத் தேடுங்கள். ரஷ்யாவின் ஸ்பெர் வங்கிக்கு டெல்லியிலும் மும்பையிலும் கிளை உண்டு. சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீது, பாஸ்போர்ட், பான் தேவை. ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் என்ற பொது வரம்பு கல்விக்கும் பொருந்தும். தேர்வுக் கட்டணக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள்.

வங்கி தகராறு செய்கிறது, உண்டியலில் (ஹவாலா) அனுப்பிவிடலாமா?

கூடாது. ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம். மறுமுனையில் பணத்தைத் தருபவர் யாருடைய பணத்தைத் தருகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அது பட்டியலில் உள்ளவருடையது என்றால் உங்கள் கணக்கும் முடங்கும்.

தடை போட்டால் அந்த நாடு பணிந்துவிடுமா? நமக்கு என்ன பாதிப்பு?

இந்தியாவுக்கே போட்டார்கள். 1998 மே மாதம் பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்காவும் ஜப்பானும் உதவிகளை நிறுத்தின. அதே ஆகஸ்டில் பாரத ஸ்டேட் வங்கி வெளியிட்ட ரிசர்ஜென்ட் இந்தியா பத்திரங்களில் வெளிநாடுவாழ் இந்தியர்கள் 400 கோடி டாலருக்கு மேல் போட்டார்கள். 2001 செப்டம்பரில் அமெரிக்கத் தடையில் பெரும்பகுதி நீங்கியது. அணுகுண்டு கைவிடப்படவில்லை. ஆனால் தொழில்நுட்ப வலி நீடித்தது: மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்திருக்கும் இந்திய அரிய மணல் நிறுவனம் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது 2025 ஜனவரியில்தான்.

ஈராக் வேறு பாடம். 1990 ஆகஸ்டில் போட்ட முழுத் தடையில் ஆட்சி அசையவில்லை, மக்கள் மருந்தில்லாமல் வாடினார்கள். அதன் பிறகுதான் நாடு முழுவதையும் அடைக்காமல் ஆள், வங்கி, கப்பல் என்று பெயர் சொல்லித் தடுக்கும் முறை வளர்ந்தது. ஐநா 2022 டிசம்பரில் மனிதாபிமான உதவிக்குப் பொது விலக்கும் கொடுத்தது.

நமக்கு வரும் அடி மறைமுகமானது. பெலாரஸ் பொட்டாஷ் நிறுவனத்தின் மீது 2021-இல் தடை வந்து, 2022 பிப்ரவரியில் லிதுவேனியா ரயில் வழியையும் மூடியது. பொட்டாஷ் முழுவதையும் இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. சிவகங்கை மாவட்ட நெல் விவசாயி உர மூட்டை வாங்கும்போது அந்த விலையைக் கொடுத்தார். அதே நேரம் தள்ளுபடி விலையில் ரஷ்யக் கச்சா எண்ணெயும் வந்தது. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மீறினால் என்ன தண்டனை?

இந்தியாவில் வெளிநாட்டு வர்த்தகச் சட்டம், 1992-இன் 11ஆம் பிரிவின்படி 10,000 ரூபாயிலிருந்து சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை தண்டம். ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு) எண்ணும் ரத்தாகலாம். அமெரிக்காவில் தெரியாமல் மீறினாலும் சட்டம் குறித்த ஒரு தொகை, பரிவர்த்தனைத் தொகையின் இருமடங்கு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதுவரை தண்டம் போட முடியும், தெரிந்தே மீறினால் 20 ஆண்டு வரை சிறை. வழக்குப் போடும் காலவரம்பு 2024-இல் ஐந்திலிருந்து பத்து ஆண்டாக நீண்டது. ஆகவே அமெரிக்க வாங்குபவர்கள் இப்போது பத்து ஆண்டுக் கோப்பு கேட்கிறார்கள். இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், பட்டியல் தேடிய பக்கம், ஸ்விஃப்ட் நகல் ஆகிய நான்கையும் சரக்குவாரியாக ஒரே உறையில் போட்டு, வெளியே ஷிப்பிங் பில் எண்ணை எழுதி வையுங்கள்.